கண்டி ஃப்ளொஸ்: ஒரு சீனி நூலின் வரலாறு

ஆங்கிலம் பேசும் நாடுகள் யாவும் ஒரே பண்டத்தை ஒரே பெயரால் அழைப்பதில்லை. திருவிழாக்களிலும் கடற்கரைகளிலும் குச்சியொன்றில் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கப்படும் சீனி நூலை அமெரிக்கர்கள் ‘கொட்டன் கண்டி’ என்பார்கள். அவுஸ்திரேலியர்கள் ‘ஃபெயரி ஃப்ளொஸ்’, அதாவது தேவதை நூல் என்பார்கள். பிரித்தானியர்களோ ‘கண்டி ஃப்ளொஸ்’ என்கிறார்கள். தமிழகத்தில் அது பஞ்சு மிட்டாய். யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்குத் தும்பு முட்டாஸ்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். ஆங்கிலச் செய்திகளையும் கட்டுரைகளையும் தமிழாக்கும் வேலையில் இந்தப் பிரித்தானியச் சொல் எத்தனையோ தடவைகள் குறுக்கிட்டிருக்கிறது. ஆனால், ஒரு தடவையேனும் அது உணவுப் பக்கத்தில் வந்ததாக நினைவில்லை. திரைப்பட விமர்சனத்தில் வரும்; நூல் மதிப்புரையில் வரும்; அரசியல்வாதி ஒருவரின் உரையைப் பற்றிய பத்தியில் வரும். ‘பஞ்சு மிட்டாய்ப் படம்’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் அது குழந்தைகளுக்கான படம் என்றே நினைப்பார். எழுதியவர் சொல்ல வந்ததோ வேறு. இனிப்பு ஒன்றின் பெயர் இத்தகையதொரு கண்டனச் சொல்லாக மாறியது எவ்வாறு என்பதை ஆராயப் புகுந்தபோது கிடைத்த தகவல்களையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கண்டும் கண்டியும்

இச்சொல்லின் முதற்பாதி நமக்கு அந்நியமானதல்ல. ஆங்கிலத்தின் ‘கண்டி’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழி அதனை அரபு மொழியிலிருந்தும், அரபு மொழி பாரசீகத்தின் ‘கந்த்’ என்ற சொல்லிலிருந்தும் பெற்றன. பாரசீகச் சொல்லுக்கு மூலம் சமஸ்கிருதத்தின் ‘கண்ட’ என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். துண்டு, குறிப்பாகச் சர்க்கரைத் துண்டு என்பது அதன் பொருள். ஆய்வு இத்துடன் நின்றுவிடவில்லை. அந்தச் சமஸ்கிருதச் சொல்லே திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்கலாம் என்று கருதும் சொற்பிறப்பியலாளர்கள், தமிழின் ‘கண்டு’ என்ற சொல்லையும், இறுகுதல் என்ற பொருளில் வரும் ‘கட்டு’ என்ற சொல்லையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். நாம் நாள்தோறும் சொல்லும் கற்கண்டில் இருப்பதும் அதே கண்டுதான். இது முடிந்த முடிபன்று. ஆயினும் ஆங்கில அகராதிகளிலேயே இடம்பெறும் அளவுக்கு ஏற்கப்பட்ட ஊகம்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். தமிழில் ‘கண்டு’ என்பதற்குச் சர்க்கரைக் கட்டி என்ற பொருள் இருப்பதுபோல நூற்பந்து என்ற பொருளும் உண்டு. நூற்கண்டு என்று சொல்கிறோம் அல்லவா? சீனியையும் நூலையும் சேர்த்து ஒரு பெயர் வைக்க ஆங்கிலேயர்களுக்கு இரண்டு சொற்கள் வேண்டியிருந்தன. தமிழில் ஒரே சொல் இரண்டையும் குறித்து நிற்கிறது. இது தற்செயல்தான், இதை வைத்து மொழிப்பெருமை பேசுவது என் நோக்கமன்று.

அதேபோல, நம் நாட்டு வாசகர்களுக்கு எழக்கூடிய இன்னோர் ஐயத்தையும் தீர்த்துவிடுகிறேன். பழைய ஆங்கில நூல்களில் கண்டி நகரத்தின் பெயரும் இனிப்பைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. றொபேட் நொக்ஸ் 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இதனைக் காணலாம். மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லான ‘கந்த’விலிருந்து பிறந்தது நகரின் பெயர். இனிப்புக்கும் அதற்கும் உறவில்லை.

பிரித்தானியர்களின் அன்றாடப் பேச்சில் இனிப்புக்கள் ‘ஸ்வீட்ஸ்’ எனப்படுமேயன்றிக் ‘கண்டி’ எனப்படுவதில்லை. அவ்வாறு சொல்வது அமெரிக்க வழக்கு. அப்படியிருந்தும் சீனி நூலின் பெயரில் மட்டும் அவர்கள் ‘கண்டி’யை வைத்திருக்கிறார்கள். காரணம், அவர்களுடைய பழைய வழக்கில் கண்டி என்றால் இறுகிய சீனி. கற்கண்டை ‘சுகர் கண்டி’ என்றும், சீனிப்பாகில் ஊறிய தோடம்பழத் தோலைக் ‘கண்டீட் பீல்’ என்றும் இன்றும் அங்கு சொல்கிறார்கள்.

பட்டு நூலும் பல்லிடை நூலும்

இரண்டாம் பாதியான ‘ஃப்ளொஸ்’ நெசவுத் தொழிலுக்குரிய சொல். பட்டுப்புழு தன் கூட்டைச் சுற்றி முதலில் பின்னும் கரடுமுரடான மெல்லிழைகளே ஃப்ளொஸ். பிரெஞ்சு மொழியில் முறுக்கேறாத பட்டு நூலைக் குறித்த சொல்லே ஆங்கிலத்துக்கு வந்ததென்று சொல்லப்படுகிறது. பின்னர் பூத்தையலுக்குப் பயன்படும் பளபளப்பான நூலுக்கும் அதுவே பெயராயிற்று. மக்கிள்ஸ்ஃபீல்ட் போன்ற பட்டுத்தொழில் நகரங்களைக் கொண்டிருந்த நாட்டில் பெண்கள் எல்லோரும் அறிந்திருந்த சொல் அது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கண்ணுக்குப் பருத்தியாகத் தெரிந்த பண்டம் ஆங்கிலேயர்களின் கண்ணுக்குப் பூத்தையல் பட்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை என்றே நான் கருதுகிறேன்.

பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்யும் நூலுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளொஸ் என்றே பெயர். நியூ ஓர்லீன்ஸ் நகரின் பல் வைத்தியர் லீவை ஸ்பியர் பாம்லி, மெழுகிட்ட பட்டு நூலால் பல்லிடைகளைத் துப்புரவாக்க வேண்டுமென்று 1819 ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் வலியுறுத்தினார். ஜோன்சன் அன் ஜோன்சன் நிறுவனம் 1898 ஆம் ஆண்டில் அந்நூலுக்குக் காப்புரிமை பெற்றது. பல்லைக் காக்கும் ஃப்ளொஸும் பல்லைக் கெடுக்கும் ஃப்ளொஸும் ஒரே காலகட்டத்தில் சந்தைக்கு வந்தன. இரண்டாவதன் தோற்றத்திலும் ஒரு பல் வைத்தியருக்குப் பங்குண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

வெள்ளி வலை

இயந்திரம் வருவதற்கு முன்னரே சீனியை நூலாக்கும் கலை ஐரோப்பாவின் பெரிய வீட்டுச் சமையலறைகளில் இருந்தது. செஷயர் பிரபு குடும்பமொன்றின் ஆர்லி மாளிகையில் வீட்டு நிருவாகியாகப் பணியாற்றியவர் எலிசபெத் ரஃபால்ட். பின்னர் மான்செஸ்டரில் இனிப்புக் கடை நடத்திய அவர், 1769 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலில் இனிப்புக்களை மூடுவதற்கு ‘வெள்ளி வலை’யும் ‘தங்க வலை’யும் பின்னும் முறையை விளக்குகிறார். தூய சீனிக் கட்டியை நெருப்பின் முன் வைத்து உருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த கிண்ணமொன்றின் மேல் கத்தி முனையால் உருகிய சீனியைத் தொட்டுத் தொட்டு முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். மயிரிழைபோன்ற நூல் வரும். கை விரைவும் பொறுமையும் வேண்டிய வேலை. எனவே, செல்வர்களின் விருந்து மேசைக்கு மட்டுமே அது கிட்டியது.

அந்த வெள்ளி வலையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1769 இல் இங்கிலாந்துக்கு வந்த சீனி ஜமேக்கா, பார்படோஸ் முதலிய கரீபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. பிரித்தானியா அடிமை வணிகத்தை 1807 இல் தடை செய்தது. தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833 இல் நிறைவேற்றியது. அதன் பின்னர் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மொரீசியசுக்கு 1834 இலும், பிரித்தானியக் கயானாவுக்கு 1838 இலும் கப்பல்கள் சென்றன. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 ஆம் திகதி டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களுக்காகப் பாரதி பாடியதை நாம் அறிவோம்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்கள் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஒளவையார் புறநானூற்றில் பாராட்டுகிறார். கரும்பு வந்ததைப் பெருமையாகப் பாடிய மொழி, கரும்பைத் தேடிப் போக நேர்ந்ததைத் துயரமாகவும் பாட வேண்டியதாயிற்று.

பல் வைத்தியரின் இயந்திரம்

கத்தி முனையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்கள் அமெரிக்காவின் டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரைச் சேர்ந்த இருவர். ஒருவர் ஜோன் வோட்டன் என்ற இனிப்புத் தயாரிப்பாளர். மற்றவர் வில்லியம் மொரிசன், பல் வைத்தியர். 1894 இல் டெனசி மாநிலப் பல் வைத்தியர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். 1897 இல் இருவரும் விண்ணப்பித்த காப்புரிமை 1899 ஜனவரி 31 ஆம் திகதி வழங்கப்பட்டது.

இயந்திரத்தின் தத்துவம் எளியது. சுழலும் கிண்ணமொன்றில் சீனி இடப்படும். கீழிருந்து வெப்பம் ஏறும். ஏறத்தாழ 186 பாகை செல்சியசில் உருகும் சீனி, சுழற்சியின் விசையால் சிறு துளைகளினூடாக வெளியே வீசப்படும். குளிர்ந்த காற்றைத் தொட்ட கணமே அது நூலாக உறையும். மீண்டும் படிகமாவதற்கு அவகாசம் கிடைக்காத காரணத்தால், அந்த நூல் அறிவியல் நோக்கில் கண்ணாடியைப் போன்றது. நாவில் பட்டதும் கரைவதும் ஈரக்காற்றில் சுருங்கிப் பிசுபிசுப்பதும் இதனாலேயே. ஒரு குச்சியில் சுற்றப்படுவது பொதுவாக 30 கிராம் அளவிலான சீனிதான். ஒரு தகரப் புட்டி மென்பானத்தில் அதைவிடக் கூடுதலான சீனி இருக்கிறது. மிகுதியெல்லாம் காற்று.

1904 ஆம் ஆண்டில் சென் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ‘ஃபெயரி ஃப்ளொஸ்’ என்ற பெயரில் இது பெட்டிகளில் விற்கப்பட்டது. ஒரு பெட்டி 25 சதம். கண்காட்சிக்கான நுழைவுச் சீட்டே 50 சதம்தான் என்பதிலிருந்து அது எவ்வளவு விலையென்பதை ஊகிக்கலாம். அவ்வாறிருந்தும் 68,655 பெட்டிகள் விற்பனையாகின. 17,000 டொலருக்கு மேல் வருமானம். அமெரிக்கா பின்னர் ‘கொட்டன் கண்டி’ என்ற பெயருக்கு மாறிக்கொண்டது. முதற்பெயரை அவுஸ்திரேலியா இன்றுவரை கைவிடவில்லை.

ஏனைய மொழிகள் வைத்த பெயர்களும் சுவையானவை. ஜேர்மனியர்களுக்கு அது சீனிப் பஞ்சு. இத்தாலியர்களுக்கு நூற்ற சீனி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்பாவின் தாடி. கிரேக்கர்கள் கிழவியின் கூந்தல் என்கிறார்கள். வட இந்தியாவில் ஹிந்தி பேசுவோரும் அதையே ‘புட்டீ கே பால்’ என்கிறார்கள். தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கான்ஸ் மொழியில் அதன் பெயர் பேயின் மூச்சு. ஈரானில் கையால் இழுத்து நூலாக்கும் ‘பஷ்மக்’ என்ற இனிப்பின் பெயர் கம்பளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டில் சிங்கள மக்கள் ‘பொம்பாய் மொட்டாய்’ என்று சொல்வதன் முன்பாதி பம்பாய் நகரத்தையும், பின்பாதி மிட்டாயையும் நினைவூட்டுகின்றன. யாழ்ப்பாணம் மட்டும் தேங்காய் மட்டையின் தும்பை நினைத்தது. ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டில் கண்ட இழையின் பெயரையே சீனிக்கும் சூட்டியிருக்கிறது.

பங்கீட்டுக் காலத்தின் பின்

இனி, சொல்லின் பொருள் மாறிய கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் சீனி 1940 ஜனவரியிலும், இனிப்புப் பண்டங்கள் 1942 ஜூலையிலும் பங்கீட்டுக்குள் வந்தன. போர் முடிந்த பின்னரும் பங்கீடு தொடர்ந்தது. 1949 ஏப்ரலில் இனிப்புக்கள் மீதான கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள். தேவையைச் சமாளிக்க முடியாமல் ஓகஸ்டிலேயே மீண்டும் விதித்தார்கள். இறுதியாக இனிப்புக்கள் 1953 பெப்ரவரி 5 ஆம் திகதியும், சீனி அதே ஆண்டு செப்டெம்பரிலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. பங்கீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பிளக்பூல், பிறைற்றன் கடற்கரைகளில் இளஞ்சிவப்புச் சீனி நூலைத் தாராளமாக வாங்கித் தின்பதே நல்ல காலம் பிறந்துவிட்டதற்கான அடையாளமாக இருந்திருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1957 இல், ரிச்சர்ட் ஹொகார்ட் ‘எழுத்தறிவின் பயன்கள்’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். லீட்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கல்வியால் உயர்ந்தவர் அவர். அப்போது ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பில் வளர்ந்தோருக்குக் கல்வி புகட்டிவந்தார். நூலின் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பிலேயே பிரித்தானிய மக்களை அழைக்கும் புதிய உலகத்தைக் ‘கண்டி ஃப்ளொஸ் உலகம்’ என்றார். மலிவு வார இதழ்கள், ஒரே அச்சில் வார்த்த காதற் கதைகள், பாடல்கள் ஆகியவற்றையே அவர் அவ்வாறு குறிப்பிட்டார். வாசிக்கக் கற்றுக்கொண்ட தொழிலாள மக்களுக்கு, அவர்களின் எழுத்தறிவைப் பயன்படுத்தியே வெறுமையை விற்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. நூலுக்கு அவர் முதலில் வைக்க எண்ணிய தலைப்பு ‘எழுத்தறிவின் துஷ்பிரயோகங்கள்’ என்பதாகும். மான நட்ட வழக்குகளுக்கு அஞ்சிய பதிப்பாளரின் பொருட்டு, தாம் கண்டித்த இதழ்களின் உண்மைப் பெயர்களை நீக்கி, கற்பனைப் பெயர்களையும் கற்பனை மேற்கோள்களையும் அமைக்க வேண்டிய நிலையும் அவருக்கு ஏற்பட்டது. பத்திரிகைக்காரனாகிய நான் இந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துசெல்ல முடியாது.

அதன் பிறகு கண்டி ஃப்ளொஸ் என்ற சொல், கண்ணுக்குப் பெரிதாக, நாவுக்கு இனிப்பாக, உள்ளே ஒன்றுமில்லாததாக உள்ள எதற்கும் ஆங்கில எழுத்தில் இயல்பாகப் பொருந்திவிட்டது. இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகளும் அதனை எடுத்துக்கொண்டன. 1998 இல் வெளியான ‘குச் குச் ஹோதா ஹை’ வகையைச் சேர்ந்த, வறுமையோ சாதியோ தலைகாட்டாத வண்ணமயமான ஹிந்திப் படங்களைக் ‘கண்டி ஃப்ளொஸ் சினிமா’ என்றே விமர்சகர்கள் வகைப்படுத்தினார்கள்.

தமிழில் இதற்கு நேரான சொல் உண்டா? ‘பதர்’ என்றால் உள்ளீடு இல்லாமை வரும், இனிப்பு வராது. ‘நுரை’ என்றால் பருமனும் வெறுமையும் வரும், ஆசை வராது. உண்பவன் விரும்பிக் கேட்டு வாங்கித் தின்கிறான் என்பதே இச்சொல்லின் உயிர். ஆகவே, மொழிபெயர்க்கும் இளம் பத்திரிகையாளர்கள் இடத்தைப் பார்த்து ‘வெற்றினிப்பு’ என்றோ, ‘உள்ளீடற்ற கவர்ச்சி’ என்றோ எழுதுவது நன்று என்பது என் கருத்து.

துணிச் சாயம்

இந்தச் சொல் வரலாற்றில் அண்மைக்கால அத்தியாயம் ஒன்றும் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியிலும், அதனைத் தொடர்ந்து தமிழகத்திலும் விற்கப்பட்ட பஞ்சு மிட்டாயில் ‘ரோடமின் பி’ என்ற இரசாயனச் சாயம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்தது. துணி, காகிதம் முதலியவற்றுக்கு நிறமூட்டும் சாயம் அது. புற்றுநோய் ஆபத்துடன் தொடர்புபடுத்தப்படுவது. உணவில் சேர்க்க இந்தியச் சட்டம் அனுமதிக்காதது. முதலில் புதுச்சேரி தடை விதித்தது. பெப்ரவரி 17 ஆம் திகதி தமிழக அரசும் தடையை அறிவித்தது.

பஞ்சு என்றும், பட்டென்றும், கம்பளி என்றும் துணியின் பெயர்களால் உலகம் அழைத்த இனிப்பில் துணிச் சாயத்தையே கலந்துவிட்டார்கள். வெள்ளைச் சீனியின் நூல் இயல்பில் வெள்ளையே. இளஞ்சிவப்பு அதற்குத் தேவையே இல்லை. குழந்தையின் கண்ணைத் தூரத்திலிருந்து இழுப்பதற்காக மட்டுமே அந்த நிறம். மறுபுறத்தில், அந்த நாட்களில் கடற்கரைகளில் பிடிபட்டவர்களில் பலர் வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். தோளில் கம்பைச் சுமந்து நடப்பவனுக்குச் சாயத்தின் இரசாயனப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. உண்ணத் தகாத சாயத்தை அவன் கைக்கு எட்டும் இடத்தில் விற்றவர்களுக்கு அது தெரிந்தே இருக்கும். செய்திகளில் அகப்பட்ட முகம் நடந்து விற்றவனுடையது.

ஹொகார்ட்டின் கண்டனத்தைப் படிக்கும்போதும் இதே வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அவர் வாசகனைக் குறைகூறவில்லை. வாசகனுக்கு இதுவே போதும் என்று தீர்மானித்தவர்களைக் குறைகூறினார். 2014 இல் தமது 95 ஆவது வயதில் மறையும்வரை அந்த நிலைப்பாட்டிலேயே அவர் இருந்தார்.

கைத்தொலைபேசித் திரையில் ஒரு தலைப்பைப் பார்த்து விரலால் தொட்டு, உள்ளே சென்று, எதுவுமின்றித் திரும்பும் அனுபவம் இன்றைய வாசகர்கள் எல்லோருக்கும் உண்டு. ‘நடந்தது என்ன தெரியுமா?’ என்று முடியும் தலைப்புக்களைத் தமிழ்ச் செய்தித்தளங்களிலும் நாள்தோறும் காண்கிறோம். முப்பது கிராம் செய்தியைச் சுழற்றி ஒரு பானை அளவுக்குப் பெருக்கித் தரும் இயந்திரம் எம் தொழிலுக்குள்ளும் வந்துவிட்டது. அதற்கு வாசகர்களின் இரசனையைக் காரணம் காட்டுவதைத் தொழிலில் மூத்தவர்களாகிய நாங்கள் நிறுத்த வேண்டும். சாயத்தைக் கலப்பது யார் என்பது எங்களுக்குத் தெரியும்.

கோயில் திருவிழாவில் பிள்ளை அழுதால் தும்பு முட்டாஸ் வாங்கிக் கொடுப்பதில் பிழையில்லை. ஆண்டுக்கொரு நாள் அந்த இனிப்பும் அந்தச் சிரிப்பும் வேண்டியவைதாம். வீட்டுக்கு வந்த பின் பிள்ளைக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்பதே முக்கியம். பத்திரிகை நடத்துபவர்களுக்கும் அதுவே பொருந்தும்.